கொங்கு நாட்டு அணைகளில் தூண்டில் போடப் போகிறவர்கள் கேட்பவை

ஈரோட்டில் இருந்துகொண்டு இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளைத் தண்ணீரோரம் கழித்து வருகிறேன். பரிசல் ஓட்டத் தெரியாது. வலையை வீசினால் விரியாமல் மூட்டையாகத்தான் விழும். தெரிந்தது தூண்டில் ஒன்றுதான். ஆனாலும் டீக்கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில், பஸ்ஸில் என்று போகிற இடமெல்லாம் அதே கேள்விகள் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

"அண்ணா, மீன் பிடிக்க எங்க போலாம்? ஒரே ஒரு இடம் சொல்லுங்க, போதும்."

முதல் தடவை என்றால் பூலாம்பட்டி. மேட்டூருக்குக் கீழே காவிரியில் மின்சாரம் எடுப்பதற்காக வரிசையாகக் கதவணைகள் கட்டியிருக்கிறார்கள்: செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை. ஒவ்வொன்றும் ஆற்றை மறித்து நிறுத்துவதால் அதற்கு மேற்பக்கம் காவிரி ஏரி மாதிரி நிற்கிறது. பூலாம்பட்டி அப்படி நிற்கும் தண்ணீரின் சேலம் மாவட்டக் கரையில் இருக்கிறது. எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம். இரண்டுக்கும் நடுவே படகு ஓடுகிறது.

அங்கே போகச் சொல்வதற்குக் காரணம் மீன் அதிகம் என்பதல்ல. கரையில் உட்கார நிழல் உண்டு, ஆள் நடமாட்டம் உண்டு, யானை வராது. முதல் நாளில் மீன் கிடைக்காவிட்டாலும் படகில் ஒரு சுற்றுப் போய்விட்டு வறுத்த மீன் சாப்பிட்டு வரலாம். பரிசல்காரர்கள் வலை கட்டிய இடத்தில் தக்கை மிதக்கும். அதை விட்டுத் தள்ளி உட்காருங்கள்.

"அணையிலயே பிடிக்கக் கூடாதுங்களா? எந்த அணை நல்லா இருக்கும்?"

எங்கள் பக்கம் பெரியது மேட்டூர்தான். 1934-இல் கட்டி முடித்தது, முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அடுத்தது பவானிசாகர், 105 அடி, 32.8 டி.எம்.சி. இவற்றோடு பார்த்தால் உடுமலைப்பேட்டைப் பக்கம் இருக்கும் அமராவதி (90 அடி, சுமார் 4 டி.எம்.சி.), பொள்ளாச்சிக்கு மேலே இருக்கும் ஆழியாறு, அதற்குக் கிழக்கே திருமூர்த்தி மூன்றும் சின்னப் பிள்ளைகள். கோபிப் பக்கம் குண்டேரிப்பள்ளம், அந்தியூர்ப் பக்கம் வரட்டுப்பள்ளம் என்று இன்னும் சிறிய அணைகளும் உண்டு. ஆனால் அவை காட்டை ஒட்டியவை.

எந்த அணையானாலும் மதகு, ஷட்டர், அணைச்சுவர் பக்கம் தூண்டிலோடு போகவே கூடாது. பாதுகாப்புக்கு ஆள் இருப்பார், துரத்துவார், அவர் துரத்துவதுதான் சரி. மீன்பிடிப்பு நடப்பதெல்லாம் நீர்ப்பிடிப்புப் பகுதியின் கரையோர ஊர்களில். மேட்டூரில் பண்ணவாடி, கோட்டையூர், கொளத்தூர்ப் பக்கம் போனால் பரிசல்கள் கவிழ்த்து வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

"லைசென்ஸ் எல்லாம் வாங்கணுமா? ஒரு தூண்டில்தானே!"

"ஒரு தூண்டில்தானே" என்று கேட்காதவர் இல்லை. தண்ணீர் பொதுச் சொத்துதான். ஆனால் அதிலிருக்கும் மீன் அப்படியல்ல. மேட்டூரில் மீன்வளத்துறை கொடுக்கும் உரிமத்தோடுதான் மீனவர்கள் தொழில் செய்கிறார்கள். பவானிசாகர், ஆழியாறு, அமராவதி போன்றவை தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் கையில் இருக்கின்றன. கழகம் குஞ்சு வாங்கி விடுகிறது, மீனவர்கள் பிடித்துக் கொடுக்கிறார்கள், அங்கேயே விற்பனை நடக்கிறது. காசு போட்டு விட்ட மீன் அது.

ஆகவே அணைக்குப் போகிறவர்கள் முதலில் அங்குள்ள மீன்வள அலுவலகத்திலோ கழகத்தின் விற்பனை நிலையத்திலோ கேட்டுவிட்டு உட்காருவது நல்லது. கேட்டுப் போனால் இடமும் சொல்லுவார்கள். கேட்காமல் உட்கார்ந்தால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் தூண்டிலைப் பிடுங்கிக்கொள்வார்கள். எனக்கே ஒரு தடவை நடந்தது. தப்பு என்னுடையதுதான், அறிவிப்புப் பலகையின் மேலேயே சட்டையைக் கழற்றி மாட்டி வைத்திருந்தேன்.

"எங்க ஊர்க் குளம் யாருதுங்க? அதுலயுமா கேக்கணும்?"

ஆமாம், அதிலும்தான். நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி நீர்வளத்துறையுடையது (முன்பு பொதுப்பணித்துறை என்போமே, அது). அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. இரண்டிலும் மீன்பிடி உரிமையை ஏலத்தில் விடுகிறார்கள். ஏலம் எடுத்தவர் குஞ்சு விட்டு, காவலுக்கு ஆள் போட்டிருப்பார். ஏலக் கணக்கு பசலி ஆண்டுப்படி, ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும்.

ஜூன் மாதக் கடைசியில் குத்தகைக்காரர் அவசர அவசரமாக வலை போட்டு அள்ளுவதும், ஜூலையில் அதே குளத்தில் யாரும் சீண்டாமல் கிடப்பதும் இதனால்தான். நான் ஊர்க் குளங்களில் குத்தகைக்காரரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். "ஜிலேபி புடிச்சுக்குங்க, கட்லா மாட்டுனா வுட்டுருங்க" என்பார் பெரும்பாலானவர்கள் (ஜிலேபி என்றால் ஜிலேபிக் கெண்டை மீன்). நியாயமான பேரம்.

"வெள்ளோட்டுல தண்ணி ததும்புதே, அங்க போலாமா?"

கூடாது. வெள்ளோடு பறவைகள் சரணாலயம். 2022-இல் ராம்சார் பட்டியலிலும் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது. திருப்பூர் நஞ்சராயன் குளமும் சரணாலயம்தான், 2024-இல் ராம்சார் பட்டியலுக்கு வந்தது. அங்கே மீன் நாரைக்கும் கூழைக்கடாவுக்கும்.

"என்ன தூண்டில் வாங்கறது? கடையில போனா மிரட்டறாங்க."

மூங்கில் கழி, நைலான் நரம்பு (எங்கள் பக்கம் தங்கூஸ்), ஒரு தக்கை, ஒரு ஈயக்குண்டு, சின்ன முள் ஐந்து. இதற்கு மேல் முதல் ஆறு மாதத்துக்கு எதுவும் வேண்டாம். மயிலிறகுத் தண்டைத் தக்கையாகக் கட்டும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜிலேபி மூக்கால் தொட்டால்கூட அது நடுங்கும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் தக்கைக்கு அந்த நுணுக்கம் வராது.

ராட்டை வைத்த கம்பி தேவைப்படுவது அணையில்தான், தூர எறிய வேண்டியிருப்பதால். அதிலும் புதியவர்கள் செய்யும் தவறு, தடித்த நரம்பும் பெரிய முள்ளும் வாங்குவது. பத்துக் கிலோ கட்லாவை நினைத்து வாங்குகிறார்கள், வருவது நூறு கிராம் கெண்டை. அதன் வாய்க்குள் அந்த முள் போகவே போகாது.

"இரை என்ன போடலாம்? ஒவ்வொருத்தரும் ஒண்ணொண்ணு சொல்றாங்களே."

எல்லோரும் சொல்வதும் சரிதான், வெவ்வேறு மீனுக்கு. மண்புழுவுக்குக் கிட்டத்தட்ட எல்லாம் வரும். ஜிலேபிக்குக் கோதுமை மாவு உருண்டை, நேற்றைய பரோட்டாவும் நன்றாகவே வேலை செய்கிறது. ரோகு, மிர்காலுக்குக் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து மாவோடு பிசைய வேண்டும். கெளுத்திக்கும் வாளைக்கும் கோழிக்குடல். விராலுக்குச் சின்னத் தவளை அல்லது உயிர்க்கெண்டை.

மாவு உருண்டையில் பெருங்காயம் சேர்ப்பது, ஏலக்காய் சேர்ப்பது என்று ஆளுக்கொரு ரகசியம் வைத்திருப்பார்கள். நானும் வைத்திருந்தேன். ஒரு நாள் மறந்துபோய் வெறும் மாவோடு போனேன், அன்றைக்கும் அதே அளவு மீன்தான் வந்தது.

"கட்லா மேலயே சுத்துது, கண்ணுக்குத் தெரியுது, ஆனா முள்ளைத் தொட மாட்டேங்குது. ஏன்?"

அதன் வாயைப் பார்த்திருக்கிறீர்களா? மேல்நோக்கித் திறக்கும். தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்கிற மீன் அது. அடியில் கிடக்கும் புழுவைத் தேடி அது இறங்காது. ரோகு நடுத்தண்ணீரில் மேயும். மிர்கால், சாதாக் கெண்டை, கல்பாசு எல்லாம் அடிமண்ணைக் கிளறுபவை. ஆகவே ஒரே இடத்தில் தக்கையை மேலே கீழே தள்ளிக் கட்டுவதிலேயே மீன் மாறிவிடும்.

கட்லாவுக்கு மென்மையாக, தண்ணீரில் மெல்லக் கரைகிற மாவை முள்ளைச் சுற்றிப் பிடித்து, மேலிருந்து இரண்டு மூன்று அடியில் தொங்கவிட வேண்டும். கரைந்து பரவும் மாவை உறிஞ்சும்போது முள்ளும் சேர்ந்து உள்ளே போகும். பொறுமை வேண்டும். எனக்கு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வந்தால் அதிகம்.

இன்னொன்று. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கத்தி ஆறுகளின் மீன்கள், காவிரியில் பிறந்தவை அல்ல. மழைக்கால வெள்ளம் ஓடுகிற ஆற்றில்தான் இவை இயல்பாக முட்டையிடும், நிற்கிற குளத்தில் இடாது. ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைக்கும் முறை இந்தியாவில் 1957-இல் கைகூடிய பிறகுதான் ஊருக்கு ஊர் குஞ்சு கிடைத்தது. உங்கள் ஊர்க் குளத்தில் துள்ளும் கட்லா பெரும்பாலும் பிளாஸ்டிக் பையில் ஆக்சிஜன் அடைத்துக் கொண்டுவந்து விட்டதுதான்.

"எந்த மாசம் போனா நல்லா மாட்டும்?"

மாதத்தைப் பார்க்காதீர்கள், நீர்மட்டத்தைப் பாருங்கள். தினமும் பேப்பரில் மேட்டூர், பவானிசாகர் நிலவரம் போடுகிறார்களே, அதை விவசாயி படிப்பதைவிடக் கவனமாகத் தூண்டில்காரன் படிக்க வேண்டும்.

அணை நிரம்பி நிற்கும்போது மீன் பரந்துவிடும், புதிதாக மூழ்கிய புல்லுக்கும் முள்ளுக்கும் நடுவே போய்விடும். கரையிலிருந்து பிடிப்பது கடினம். மட்டம் மெல்ல இறங்கும் காலம்தான் நமக்கு. மேட்டூரை டெல்டாவுக்குத் திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. பவானிசாகரிலிருந்து கீழ்பவானி வாய்க்காலுக்குப் பெரும்பாலும் ஆகஸ்டு நடுவில் விடுகிறார்கள். திறந்த பிறகு வரத்து குறைந்து, வாரத்துக்கு ஓரிரு அடி என்று இறங்கும்போது மீன் பள்ளம் பார்த்து ஒதுங்கும். கோடையில் அணை சுருங்கினால் சின்ன இடத்தில் நிறைய மீன், ஆனால் தண்ணீர் சூடாகிவிடுவதால் விடியற்காலை இரண்டு மணி நேரம், பொழுது சாயும்போது ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

திடீரென்று மட்டம் ஏறும் நாள் இரண்டு விதமாக இருக்கும். புதுவெள்ளம் செம்மண் நிறத்தில் வந்தால் முதல் இரண்டு மூன்று நாள் கட்லாவும் ரோகும் தொடாது. ஆனால் கெளுத்திக்கு அதுதான் தீபாவளி. வெள்ளத்தோடு புழு, பூச்சி எல்லாம் அடித்து வரும். தண்ணீர் நுழையும் வாய்க்கால் முகத்தில் கோழிக்குடலோடு உட்கார்ந்தால் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள். ஆடிப்பெருக்கு நாளில் மட்டும் போக வேண்டாம், மீனைவிட ஆள் அதிகம்.

"அமராவதியில ஜிலேபி மட்டும்தான் வருது, அதுவும் உள்ளங்கை அளவுதான். பெருசு எல்லாம் எங்க போச்சு?"

பெரியது எங்கும் போகவில்லை, வளரவே இல்லை. ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்க மீன், 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும், அதனால் குஞ்சுகள் தப்பிப் பிழைப்பது அதிகம். பிறந்த சில மாதங்களிலேயே அதுவும் முட்டையிடத் தொடங்கிவிடும், வருடத்தில் பல தடவை இடும். ஒரு தண்ணீரில் இப்படிப் பெருகினால் தீனி பத்தாது. எல்லாமே கையளவில் நின்றுவிடும், ஆனால் அந்த அளவிலேயே குடும்பம் நடத்தும். அமராவதி பல காலமாக ஜிலேபிக்குப் பேர்போன அணை.

இதில் நமக்கு ஒரு வசதி. ஜிலேபி பிடிப்பதற்கு யாரும் மனம் வருந்த வேண்டியதில்லை. சின்னதை விட்டுவிட்டுப் பெரியதை மட்டும் எடுப்பது மற்ற மீன்களில் நல்ல வழக்கம். ஜிலேபியில் சின்னதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், கருவாடாவது போடலாம். அளவு சின்னதென்றாலும், உப்பு மிளகாய் தடவி முழுசாக வறுத்தால் அமராவதி ஜிலேபிக்கு ஈடில்லை.

"அங்க முதலை இருக்குன்னு சொல்றாங்களே, நிஜமா?"

நிஜம். அமராவதி அணையை ஒட்டி 1976-இலிருந்து முதலைப் பண்ணை இருக்கிறது. அது கம்பி வேலிக்குள். வேலிக்கு வெளியே, நீர்த்தேக்கத்திலும் சதுப்பு நில முதலைகள் இயல்பாக வாழ்கின்றன. பவானிசாகருக்கு வரும் மாயாற்றிலும் உண்டு. முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி நின்று தூண்டில் போடும் பழக்கம் உள்ளவர்கள் இந்த இரண்டு இடங்களிலும் அதை மறந்துவிடுங்கள். மீன் கழுவுவதும் கரைக்கு மேலே வாளியில்தான். குடலைத் தண்ணீரில் வீசினால் விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி.

"பவானிசாகர்ல அக்கரைக்குப் பரிசல்ல போனா பெரிய மீன் மாட்டுமாமே?"

அக்கரை சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கால் வைத்தாலே குற்றம், மீன் பிடிப்பது அதற்கு மேல். கோடையில் தண்ணீர் குறையும்போது புல்வெளி விரியும், அப்போது யானைக் கூட்டம் கூட்டமாக இறங்கும். இக்கரையிலிருந்து பார்ப்பதற்கு அழகான காட்சி. அக்கரையில் நின்று பார்க்க வேண்டிய காட்சியல்ல.

"பெரிய மீன்" என்று அவர்கள் சொல்வது மஹ்சீர் என்னும் ஆற்றுக் கெண்டையை. காவிரிப் படுகையில் மட்டும் வாழ்கிற முதுகு திமில் போல உயர்ந்த மஹ்சீர் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் இதற்காகவே கப்பலேறி வந்தார்கள். அதற்கு முறையான அறிவியல் பெயரே 2018-இல்தான் உறுதியானது, அதே ஆண்டில் மிக அருகிப்போன இனம் என்றும் பட்டியலிட்டார்கள். மாயாறு அதற்கு மிச்சமிருக்கும் சில புகலிடங்களில் ஒன்று. எங்காவது தப்பித் தவறி உங்கள் முள்ளில் வந்தால் தண்ணீரை விட்டுத் தூக்காமல், ஈரக்கையால் முள்ளை எடுத்து விட்டுவிடுங்கள். போட்டோவுக்குக்கூடத் தூக்க வேண்டாம்.

"16 கண் மதகை மூடுனதும் பாறைக்குழியில மீன் அள்ளறாங்களே, நாமும் போலாமா?"

மேட்டூர் நிரம்பினால் உபரிநீர் 16 கண் மதகு வழியாகப் போகும். மூடியதும் கீழே பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கும், அதில் மீன் சிக்கும். அதேபோலக் கதவணைகளில் பராமரிப்புக்காகத் தண்ணீரை வெளியேற்றும்போதும் ஆறு வற்றிப் பாறை தெரியும், அக்கம்பக்கத்து ஊரே கூடையோடு இறங்கும். நானும் ஒரு தடவை நெரிஞ்சிப்பேட்டையில் இறங்கியிருக்கிறேன். துண்டாலேயே பிடித்தோம்.

ஆனால் மதகு மூடியிருப்பது நிரந்தரமல்ல. வரத்து கூடினால் மறுபடி திறப்பார்கள். சங்கு ஊதுவார்கள், ஒலிபெருக்கியில் சொல்வார்கள், ஆனால் பாறை நடுவே மீன் துள்ளும்போது யார் காதில் அது விழுகிறது? பாசி பிடித்த பாறையில் ஓடவும் முடியாது. வெள்ள எச்சரிக்கை அமலில் இருக்கும் நாட்களில் 16 கண் பக்கம் போகாதீர்கள். கதவணைப் பராமரிப்பு என்றால் தண்ணீர் எத்தனை நாள் நிறுத்தம் என்று விசாரித்துக்கொண்டு இறங்கலாம். கரையோரக் குழி போதும், நடு ஆறு வேண்டாம்.

"முட்டைக்குள்ள இருந்து வந்த மாதிரி செவப்பா குஞ்சுக கூட்டமா மெதக்குது, கீழ விரால் நிக்குது. புடிச்சா என்ன?"

அந்தச் சிவப்புக் குஞ்சுகளுக்குக் காவலாக நிற்பது அப்பனும் ஆத்தாளும். எது பக்கத்தில் வந்தாலும் கோபத்தில் பாய்ந்து கடிக்கும், அதனால் அப்போது பிடிப்பது சுலபம். பிடித்தால் ஒரு விரால் உங்களுக்கு, ஆயிரம் குஞ்சு ஜிலேபிக்கும் கெண்டைக்கும். எங்கள் ஊரில் பழைய தூண்டில்காரர்கள் பார்ப்புக் கட்டிய (குஞ்சுகளோடு நிற்கிற) விராலைத் தொட மாட்டார்கள். இதற்குச் சட்டம் கிட்டம் எதுவும் காட்ட வேண்டியதில்லை.

"முள்ளுல கன்னங்கரேல்னு ஓடு மாதிரி ஒரு மீன் மாட்டுச்சு. திருப்பி வுட்டுட்டேன். சரிதானுங்களே?"

சரியில்லை. அது மீன்தொட்டிகளில் பாசி தின்பதற்காக வளர்க்கும் டேங்க் கிளீனர், தென்னமெரிக்க மீன். தொட்டியில் பெரிதானதும் யாரோ குளத்தில் கொண்டுபோய் விட்டது. நம் ஊர் மீன்களின் தீனியைக் காலி செய்யும், வலையைக் கிழிக்கும். வந்தால் கரையிலேயே புதைத்துவிடுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அப்படித்தான். 2000-ஆம் ஆண்டிலிருந்தே அதை வளர்க்கத் தடை, ஆனாலும் பண்ணைக் குட்டைகளிலிருந்து தப்பி ஆற்றில் இருக்கிறது. அதைத் திருப்பி விடாதீர்கள்.

"கெளுத்தி குத்திடுச்சு, கை வலி உயிர் போகுது. என்ன பண்றது?"

கை பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில் குத்திய இடத்தை அரை மணி நேரம் வைத்திருங்கள். அந்த விஷம் புரதம், சூட்டில் சிதையும், வலி சட்டென்று இறங்கும். முள் உடைந்து உள்ளே இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள். தேளி குத்தினால் வலி இரண்டு மடங்கு, பெயரே அதனால்தான். சுண்ணாம்பு, பெட்ரோல் வைத்தியமெல்லாம் எனக்கும் செய்து பார்த்தார்கள். வலி குறையவில்லை, கைதான் வெந்தது.

கெளுத்தியின் வாயிலிருந்து தூண்டில் முள்ளை எடுக்கும்போது மார்புத் துடுப்பு இரண்டுக்கும் பின்னால், முதுகு முள்ளுக்கும் கீழே விரல் வருமாறு பிடிக்கப் பழகுங்கள். பழகும் வரை பழைய துணியால் பிடிக்கலாம்.

"கோயமுத்தூர்க் குளங்கள்ல புடிச்ச மீனைச் சாப்பிடலாமா?"

நொய்யலிலிருந்து வாய்க்கால் வெட்டி வரிசையாக நிரப்பிய பழைய குளங்கள் அவை. உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம் என்று நீளும். நகரத்துக் கழிவுநீர் கலக்கும் குளங்களில் ஆகாயத்தாமரை மூடியிருக்கும், மீனும் கொழுத்திருக்கும். பிடிப்பது ஒரு சுகம் என்றால் பிடியுங்கள் (குத்தகை பற்றி மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்), நான் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன். நகரத்துக்கு மேற்கே, மலைத்தண்ணீர் முதலில் வந்து சேரும் குளங்கள் தேவலாம்.

நொய்யலிலேயே சென்னிமலைக்குத் தெற்கே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது, 1992-இல் பாசனத்துக்கென்று கட்டியது. திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கி, கடைசியில் "தண்ணீரைத் தேக்காதீர்கள்" என்று விவசாயிகளே வழக்குப் போட்டார்கள். 2011-இல் சாயப்பட்டறைகளை மூடும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது. அங்கே மழைக்குத் தண்ணீர் நிற்பதைப் பார்த்துத் தூண்டிலோடு போய்விட்டு வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னவர்கள் உண்டு. சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டேன்.

"சேத்து வாடை போகவே மாட்டேங்குதே?"

அது சேற்றின் வாடை அல்ல, தண்ணீரில் வளரும் ஒருவகைப் பாசியும் நுண்ணுயிரும் விடும் வாடை. மீனின் தோலிலும் கொழுப்பிலும் ஏறிவிடும். மேட்டூரில் கோடையில் பச்சைப் பாசி படர்ந்து கரையோரம் நாறும் காலத்தில் பிடித்த மீனில் அதிகமாகத் தெரியும். உயிரோடு கொண்டுவந்து நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் விட்டால் குறையும். முடியாதென்றால் தோலை உரித்து, வயிற்றுக்குள் இருக்கும் கருஞ்சவ்வைச் சுரண்டி எடுத்து, புளித்தண்ணீரிலோ மோரிலோ அரை மணி ஊறவைத்துக் கழுவுங்கள்.

"கடையில 'மேட்டூர் மீன்'னு போர்டு போட்டிருக்கே, எப்படிக் கண்டுபிடிக்கறது?"

கண்டுபிடிக்க முடியாது, அதுதான் உண்மை. தமிழ்நாட்டுச் சந்தைகளில் விற்கும் கட்லா, ரோகில் பெரும்பங்கு ஆந்திரப் பண்ணைக் குட்டைகளிலிருந்து ஐஸ் பெட்டியில் வருவது. வெட்டி வைத்த துண்டைப் பார்த்து எந்தத் தண்ணீர் என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார். ஒரே அளவில், ஒரே நிறத்தில் ஐம்பது ரோகு அடுக்கியிருந்தால் மட்டும் சந்தேகப்படலாம். அணையில் கட்டிய வலையில் அப்படி ஒரே அச்சில் விழாது. நடுவே ஒரு கெளுத்தி, ரெண்டு ஜிலேபி, ஒரு ஆரல் என்று கலந்துதான் வரும்.

அணை மீன்தான் வேண்டுமென்றால் காலையில் பரிசல் கரை சேரும் இடத்துக்குப் போங்கள், அல்லது கழகத்தின் கடைகளுக்கு. பவானிசாகர் அணைப் பூங்கா வாசலில் வறுத்துக் கொடுக்கிறார்கள், கொடிவேரியிலும் வரிசையாகக் கடைகள். எண்ணெய் எத்தனை நாளுடையது என்பதைத்தான் அங்கே பார்த்துக்கொள்ள வேண்டும்.

"தோட்டா போட்டா, கரண்ட் வச்சா ஒரே நாள்ல மூட்டை மூட்டையா வருமாமே?"

வரும், குஞ்சும் முட்டையும் சேர்த்து வரும். தோட்டாவும் விஷமும் 1897-ஆம் வருடச் சட்டத்திலேயே குற்றம். கரண்ட் வைத்தவர்களில் மீனோடு சேர்ந்து போனவர்கள் எல்லா மாவட்டத்திலும் உண்டு. இதைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்களோடு நான் பேச்சை வளர்ப்பதில்லை.

"எல்லாம் சரிங்க. நீங்க உட்கார்ற இடம் எது? அதைச் சொல்லலையே!"

பண்ணவாடியில் நீர்மட்டம் எழுபது எண்பது அடிக்கு இறங்கும்போது முழுகிப்போன பழைய கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும், பேப்பரில் படம் போடுவார்கள். படத்தைப் பார்த்ததும் கூட்டம் வந்துவிடும். நந்தி தெரிவதற்கு முந்தின வாரம் அங்கே கரையோரம் ஒரு கருவேல மரத்தடியில் குடையோடு ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் உட்காரலாம், இருபதடி தள்ளி. பேச்சுக் கொடுக்க வேண்டாம், டீ கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வேன்.